அப்பா நீந்திய ஏரி

அந்தக் கோடை விடுமுறையில் நாங்கள் வடக்கே ஒரு காட்டு ஏரிக்குப் போனதற்கு நான்தான் காரணம். செப்டெம்பரில் பள்ளிக்கூடம் தொடங்கியதும், விடுமுறைக்கு எங்கே போனீர்கள் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்வார்கள். இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து லண்டனுக்குள்ளேயே செவன் கிங்ஸில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போனதையே எழுதியிருந்தேன். இரண்டாவது தடவை ரயில் மாறிய இடங்களையும் சேர்த்து எழுதித்தான் பக்கத்தை நிரப்ப முடிந்தது. வகுப்பில் மற்றவர்கள் மலை ஏறினார்கள், கூடாரத்தில் படுத்தார்கள், படகு ஓட்டினார்கள். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் இதைச் சொல்லி அழுதேன். அப்பா தன் தட்டைக் கழுவப் போய்விட்டார். ஆனால் இரண்டு வாரம் கழித்து, வேலையிடத்தில் நாலு நாள் லீவும் சொல்லி, கூட வேலை செய்யும் ஒருவரிடம் கூடாரம் ஒன்றையும் இரவல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

எனக்கு அப்போது பத்து வயது, தம்பிக்கு ஆறு. மோர்டனில் இருந்த எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நாங்கள் இருவர், பிறகு மாமா. மாமா அம்மாவின் கடைசித் தம்பி. இருபத்தொன்பது வயது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு தோள்பையுடன் வந்து சேர்ந்தவர், மாடியில் நாங்கள் பழைய சாமான் போட்டு வைத்திருந்த சிறிய அறையில் கால் நீட்டினால் சுவரில் முட்டும் ஒரு கட்டிலில் படுத்தார். ஒரு கடையின் பின்பக்கத்துச் சமையலறையில் வேலை. வேலை முடிந்து வந்ததும் தம்பியோடுதான் விளையாட்டு. தம்பி நித்திரை போலக் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பான். மாமா பூனை நடை நடந்து வந்து கிச்சுக்கிச்சு மூட்டுவார். ஒவ்வொரு நாளும் இதே விளையாட்டு, ஒவ்வொரு நாளும் இருவருக்கும் அது புதிது.

மாமாவுக்கு விசா இல்லை. பெரியவர்கள் இதைப் பற்றிக் குரலைத் தாழ்த்தித்தான் கதைப்பார்கள். மாமாவின் கேஸ் தள்ளுபடியாகிவிட்டது, அப்பீலும் சரிவரவில்லை, இன்னொரு லோயரைப் பார்க்க வேண்டும் என்பார்கள். லண்டனில் பிறந்த எனக்குக் கேஸ் என்றால் சூட்கேஸ். அவருடைய பெட்டி எங்கோ விமான நிலையத்தில் தொலைந்துவிட்டது, அதைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்று நினைத்து அவருக்காக வருத்தப்பட்டேன்.

ஏரிக்குப் போகச் சுமார் ஏழு மணி நேரம் ஆனது. அப்பா எதையும் பட்டியல் போட்டுச் செய்கிறவர். ஆணி, சுத்தியல், டோர்ச், மழை அங்கி என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் காரில் ஏற்றினார். அம்மா பட்டியலை நம்பாதவர். அவர் தன் பாட்டுக்கு ரைஸ் குக்கரைக் கொண்டு வந்திருந்தார். காட்டுக்குள் மின்சாரம் இல்லை என்பது கூடாரம் அடித்த பிறகுதான் தெரிந்தது. மாமா அந்தக் குக்கரை ஒரு மரக்கட்டையின் மேல் வைத்து, பிளக்கை மண்ணுக்குள் செருகி, "அக்கா, பத்து நிமிசத்தில சோறு" என்றார். அம்மா சிரித்துக்கொண்டே அகப்பையால் அடிக்கப் போனார். எங்கள் குடும்பம் முழுதாகச் சிரித்துக்கொண்டிருந்த கடைசி நேரம், அந்தப் பயணத்தில், அதுதான்.

இரண்டாம் நாள் மத்தியானம் அப்பா ஒரு படகை வாடகைக்கு எடுத்தார். ஏரி நீளமானது, மறுகரை தெரியும், ஆனால் மறுகரையில் நிற்கும் மனிதர் தெரியமாட்டார். தண்ணீர் பால் விடாத தேநீர் நிறம். காட்டு மண்ணின் சாயம் இறங்கி அப்படி ஆகிறது என்று படகுக் கொட்டகையில் இருந்த வெள்ளைக்காரப் பெண் சொன்னாள். நரைத்த தலைமுடியைக் கட்டையாக வெட்டியிருந்த உயரமான பெண். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் கொடுத்து, வார்களைத் தானே இழுத்துப் பூட்டி, பிற்பகலில் காற்று எழும்பும், மூன்று மணிக்கு முன் திரும்பிவிடுங்கள் என்றாள். அப்பா தன் கைக்கடிகாரத்தை அவளுடைய சுவர்க்கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்துக்கொண்டார்.

அம்மா படகில் ஏறவில்லை. கூடாரத்தடியில் மீன் பொரிக்கப் போவதாகச் சொல்லிவிட்டார். மாமாதான் துடுப்பு வலித்தார். பருத்தித்துறைக் கரையில் பிறந்து வளர்ந்தவர், படகில் உட்கார்ந்ததும் வேறு ஆளாகிவிட்டார். லண்டனில் எப்போதும் சற்றுக் குனிந்தே நடக்கிற மனிதரின் முதுகு நிமிர்ந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். அப்பாவோ யாழ்ப்பாணத்தின் உட்பகுதியில் தோட்டக்காணிகளுக்கு நடுவே கிணற்றுத் தண்ணீரில் குளித்து வளர்ந்தவர். படகின் இரண்டு விளிம்பையும் இரண்டு கையால் பிடித்தபடி, கடலை விடக் குளம் பாதுகாப்பானது என்று தனக்குத்தானே சொல்வதுபோல் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஏரியின் நடுவில் ஒரு சின்னத் தீவு. பத்துப் பதினைந்து மரங்களும் கொஞ்சம் பாறைகளும். அங்கே இறங்கிச் சாப்பிட்டோம். ஜாக்கெட் கழுத்தை அறுக்கிறது என்று தம்பி முதலில் கழற்ற, பிறகு எல்லோருமே கழற்றிப் படகுக்குள் போட்டோம். தம்பி அந்த நாலு ஜாக்கெட்டையும் மெத்தையாக்கி அதன் மேல் படுத்துக்கொண்டான். முதல் நாள் இரவு நுளம்புக்கடியில் அவன் நித்திரை கொள்ளவில்லை. படுத்த கையோடு தூங்கிப்போனான். அவனைத் தூக்கி எழுப்ப வேண்டாம், படகிலேயே கிடக்கட்டும் என்றார் அப்பா.

"பிள்ளை, கயித்தைக் கட்டிப்போட்டு வா."

அப்பா என்னிடம் சொன்னது இவ்வளவுதான். முடிச்சுப் போடத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. தெரியாது என்று நானும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த முடிச்சு சப்பாத்து லேஸ் முடிச்சு ஒன்றுதான். தடித்த நனைந்த கயிற்றை ஒரு மரவேரில் சுற்றி, இரண்டு காது வைத்து, பட்டாம்பூச்சி போல அழகாகக் கட்டினேன். கட்டிவிட்டு எட்ட நின்று ரசித்தேன். பிறகு மாமாவோடு பாறைகளின் மறுபக்கத்துக்குப் போய்க் காட்டுப் பழங்கள் தேடினேன். அப்பா சாப்பாட்டுப் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

எவ்வளவு நேரம் போனதென்று தெரியாது. மரங்களின் உச்சியில் ஒரு இரைச்சல் கேட்டது. காற்று எழும்பிவிட்டது என்றார் மாமா. அதே வேளை அப்பாவின் குரல். அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. தொண்டையிலிருந்து வந்த வெறும் சத்தம் அது.

நாங்கள் ஓடி வந்தபோது படகு கரையிலிருந்து ஒரு பஸ் நீளத்துக்கு அப்பால் போய்விட்டது. அப்பா உடுப்போடு தண்ணீருக்குள் இறங்கியிருந்தார். இடுப்பு, பிறகு நெஞ்சு. அடுத்த அடியில் கால் நிலை கொள்ளாமல் முழுதாக அமிழ்ந்து, இருமிக்கொண்டு எழும்பினார். நான் "அப்பா, அப்பா" என்று கத்தினேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார், படகைப் பார்த்தார். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நெஞ்சளவு தண்ணீரில் நின்றார்.

மாமா சேர்ட்டைக் கழற்றிவிட்டார். காற்சட்டையைக் கழற்றும்போது அப்பா தடுமாறி ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார்.

"வேண்டாமடா. ஐஸ் மாதிரிக் கிடக்கு. விறைச்சுப் போவாய். ரெண்டு பேரையும் பறிகுடுக்க ஏலாது எனக்கு..."

"அத்தான், விடுங்கோ."

"போட் ஏதும் வரும். கொஞ்சம் பொறு."

"அவன் முழிச்சால் எழும்பி நிப்பான் அத்தான். விடுங்கோ எண்டுறன்!"

அப்பா விடவில்லை. மாமா அவர் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினார். எங்கள் வீட்டில் மாமா அப்பாவுக்கு முன்னால் உட்காருவதற்கே யோசிப்பவர். அந்த மனிதர் அப்பாவைத் தள்ளி விழுத்திவிட்டுத் தண்ணீருக்குள் பாய்ந்தார்.

அவர் தலை மேலே வந்தபோது வாய் திறந்திருந்தது, மூச்சு வரவில்லை. அந்தக் குளிர் மூச்சைப் பிடித்துவிடும் என்று எனக்கு அப்போது தெரியாது. பகிடி பண்ணுகிறார் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். பிறகு நீந்தத் தொடங்கினார். காற்று படகை ஏரியின் அகண்ட பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. மாமா போகப் போகப் படகும் போனது. இடைவெளி குறைகிறதா கூடுகிறதா என்று கரையிலிருந்து சொல்ல முடியவில்லை. அப்பா நனைந்த கைத்தொலைபேசியை வானத்துக்கு உயர்த்திப் பிடித்து, தீவின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் ஓடினார். சிக்னல் இல்லை. பிறகு அதைப் பாறையில் வைத்துவிட்டு வெறுங்கையை ஆட்டினார். அதைக் காண ஏரியில் வேறு படகே இல்லை. மணி மூன்றைத் தாண்டிவிட்டது, சொன்ன பேச்சைக் கேட்டவர்கள் எல்லோரும் திரும்பிவிட்டார்கள்.

தம்பி எழும்பினான். படகின் விளிம்புக்கு மேல் அவன் தலை தெரிந்தது. சுற்றிப் பார்த்தான். பிறகு, மாமா சொன்னது போலவே, எழும்பி நின்றான்.

"இரடா! கீழ இரு!" என்று அப்பா கத்தினார். நான் ஆங்கிலத்தில் கத்தினேன். காற்றின் இரைச்சலில் அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அழத் தொடங்கினான். அழுதால் அவன் கால் உதைக்கிற பிள்ளை. படகு ஒரு பக்கம் சரிந்தது, மறுபக்கம் சரிந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அதை நான் பார்த்தேன்.

அப்போது தண்ணீரிலிருந்து மாமாவின் குரல் வந்தது. மூச்சிரைப்புக்கு நடுவில், துண்டு துண்டாக, ஆனால் சிரிப்பு வரவழைத்த குரல்.

"டேய்... நித்திரை போல... கிட... நான் வாறன்... கண்ணை மூடு... கள்ளம் செய்யப்படாது!"

தம்பி அழுகையை நிறுத்தினான். ஒரு கணம் அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு மடங்கிப் படகுக்குள் படுத்துவிட்டான்.

அதன் பிறகு எங்களுக்குத் தெரிந்தது ஒரு வெறும் படகும், அதற்குப் பின்னால் ஒரு கறுப்புத் தலையும்தான். அலைக்கு நடுவில் அந்தத் தலை மறையும், நான் எண்ணுவேன். ஐந்து எண்ணுவதற்குள் தெரியும். பிறகு எட்டு. பிறகு பன்னிரண்டு. எண்ணிக்கொண்டே நான் கட்டிய பட்டாம்பூச்சியை நினைத்தேன். வேரில் கயிறு இல்லை. அப்பாவும் அந்த வேரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மாமா படகை எட்டினார், ஆனால் ஏற முடியவில்லை. இரண்டு தடவை விளிம்பைப் பிடித்தார், இரண்டு தடவையும் விரல்கள் வழுக்கின. தண்ணீரில் இழுபட்டுக்கொண்டிருந்த கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு அப்படியே தொங்கினார். அதற்குப் பிறகு அவர் அசையவில்லை.

படகுக் கொட்டகைப் பெண்தான் காப்பாற்றினாள். மூன்று மணிக்கு வராத படகைத் தேடித் தொலைநோக்கியால் பார்த்திருக்கிறாள். மோட்டார்ப் படகின் சத்தம் கேட்டபோது அப்பா அப்படியே பாறையில் குந்திவிட்டார். மாமாவை அவள் இழுத்து ஏற்றுவதையும், தம்பியைத் தூக்குவதையும் தூரத்திலிருந்து கண்டோம். அவர்களை நேரே கொட்டகைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, பிறகுதான் எங்களை ஏற்ற வந்தாள்.

ஏறியதும் அப்பாவின் தோளில் தட்டி, பையனுக்கு ஒன்றும் இல்லை என்றாள். அவனுடைய அப்பாவும் பிழைத்துக்கொள்வார், ஆம்புலன்ஸுக்கு வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டேன், இப்படியொரு தகப்பனை நான் பார்த்ததில்லை, அவர் பெயர் விவரம் எல்லாம் பதிவேட்டில் எழுத வேண்டும், மேலிடத்துக்கும் அறிவிக்க வேண்டும் என்றாள். பிறகு, "நீங்கள் அவர்களுக்கு என்ன முறை?" என்று கேட்டாள்.

அப்பா ஈரக் கையால் முகத்தைத் துடைத்தார். கரையைப் பார்த்தார். உடுப்பிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

"பையனின் மாமா," என்றார் ஆங்கிலத்தில். "தாயின் சகோதரன்."

நான் "இல்லை" என்று தொடங்கினேன். அப்பாவின் கை என் தோளில் இறுகியது. வலித்தது. அவர் என்னை அதற்கு முன் வலிக்கப் பிடித்ததே இல்லை. முடிச்சு அவிழ்ந்த கோபத்தில்தான் என்னை மகளே இல்லை என்கிறார் என்று நான் முடிவு செய்தேன்.

கொட்டகைக்குள் மாமா வெள்ளித்தாள் போன்ற ஒரு போர்வையில் சுற்றப்பட்டு ஹீட்டருக்கு முன்னால் இருந்தார். உதடு நீலம். பல் அடிக்கும் சத்தம் வாசல் வரை கேட்டது. கூடாரத்தடியிலிருந்து ஓடி வந்திருந்த அம்மா பக்கத்தில் நின்றார். தம்பி மாமாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு "மாமா, மாமா" என்று விம்மினான். அந்தப் பெண் அவன் தலையைத் தடவி, "அம்மா இதோ பக்கத்தில்தானே நிற்கிறார், கண்ணா" என்று அம்மாவைக் காட்டினாள். அவர்களுடைய மொழியில் அந்தச் சொல்லுக்கு அம்மா என்று பொருள். வேறு எந்த நாளாக இருந்தாலும் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்போம்.

அம்மா அப்பாவைப் பார்க்காமல், தாழ்ந்த குரலில், தமிழில் சொன்னார்:

"உங்கட பேரைத்தான் குடுத்திட்டன். அவ, உம்மட புருசனோ எண்டு கேட்டா. ஓம் எண்டிட்டன்."

"நானும் அப்பிடித்தான் சொன்னனான்," என்றார் அப்பா.

ஒருவரையொருவர் கேட்காமலே இருவரும் ஒரே பொய்யைச் சொல்லியிருந்தார்கள். மாமா நிலத்தைப் பார்த்தபடி, "அத்தான், ஆம்புலன்ஸ் வரமுன்னம் போவம்... எனக்கு ஒண்டுமில்லை" என்றார். அந்த ஒரு வசனத்தைச் சொல்லி முடிக்க அவருக்கு ஒரு நிமிடம் பிடித்தது. அம்மா கார்ச் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். அப்பாதான் அதை அவர் கையிலிருந்து வாங்கித் தன் பைக்குள் போட்டார்.

"உயிர் முதல். ஆம்புலன்ஸ்காரருக்குக் காட்டிப்போட்டுப் போவம். மற்றதெல்லாம் பிறகு."

அந்தப் பெண் பதிவேட்டை விரித்து, படகு எப்படி அவிழ்ந்தது என்று கேட்டாள். என் காதுக்குள் இரைந்தது. அப்பா, "நான்தான் கட்டினேன். சரியாகக் கட்டவில்லை" என்றார். அவள் எழுதிக்கொண்டாள்.

ஆம்புலன்ஸில் வந்தவர் கையெல்லாம் பச்சை குத்திய, தடித்த, சிரித்த முகத்துக்காரர். மாமாவின் விரலில் எதையோ மாட்டினார், காதுக்குள் எதையோ வைத்துப் பார்த்தார். பெயரை அம்மா சொன்னார். பிறந்த திகதி? மாமாவின் பல் அடித்தது. அப்பாவின் பிறந்தநாள் மாமாவுக்குத் தெரியாது. அம்மா மாதத்தைச் சொல்லிவிட்டு நிறுத்தினார்; பதற்றத்தில் அவருக்கும் நாள் வரவில்லை. அந்த மனிதர் பேனாவைப் பிடித்தபடி மூவரையும் பார்த்தார். பிறகு என் உயரத்துக்குக் குனிந்தார்.

"உனக்குத் தெரியாமல் இருக்காது. அப்பாவுக்கு எப்போது பிறந்தநாள்?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த ஏரிப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமாவின் பிறந்தநாளும் எனக்குத் தெரியும். எதைக் கேட்கிறார்கள், எதைச் சொன்னால் வீட்டுக்குப் போகலாம், எதைச் சொன்னால் நான் கட்டிய முடிச்சு வெளியே வரும் என்று ஒன்றும் புரியவில்லை. அப்பா என்றுதானே கேட்டார். அப்பாவின் நாள், மாதம், ஆண்டு மூன்றையும் சொன்னேன். அந்த ஆண்டு நானே வாழ்த்து அட்டை செய்து, நாற்பத்து மூன்று என்று மினுங்கும் தாளில் வெட்டி ஒட்டியிருந்தேன்.

எழுதப் போன கை நின்றது. அவர் மாமாவின் முகத்தைப் பார்த்தார். மீசைகூட நிறையாத முகம். கொட்டகையில் கேத்தில் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா என் தலைமுடியைக் கோதத் தொடங்கினார், ஒரே இடத்தை, திரும்பத் திரும்ப.

"சிலருக்கு வயது போவதே இல்லை," என்றார் அவர். "இரகசியத்தை எனக்கும் சொல்லுங்கள்."

எழுதி முடித்தார். யாரும் சிரிக்கவில்லை. அவர் அதை நம்பினாரா, அல்லது எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டு பேனாவை ஓடவிட்டாரா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் ஒரு இரவு வைத்துப் பார்ப்பது நல்லது என்று இரண்டு தடவை சொன்னார். மாமா தலையாட்டி மறுத்தார். ஒரு மணி நேரம் சூடாக்கி, இனிப்புத் தேநீர் கொடுத்து, உடம்புச் சூடு ஏறிய பிறகுதான் விட்டார். மறுப்புப் படிவத்தில் மாமா அப்பாவின் பெயரைக் கையெழுத்தாகப் போட்டார். விரல் விறைத்திருந்ததால் அது யாருடைய கையெழுத்துப் போலவும் இல்லை.

கூடாரத்தை மடிக்காமலே காருக்குள் திணித்துக்கொண்டு வெளிக்கிட்டோம். ஹீட்டரை முழுதாகப் போட்டு, மாமாவை நடுவில் இருத்தி, நானும் தம்பியும் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு வந்தோம். என்னால்தான் ஓடுகிறோம் என்று நான் நம்பினேன். பொலிஸ் வருமுன் என்னைக் காப்பாற்றத்தான் அப்பா இவ்வளவு வேகமாக ஓட்டுகிறார் என்று நினைத்து, பின்கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே வந்தேன்.

மாமாவுக்கு ஒரு கிழமை காய்ச்சல். பிறகு எழும்பி வேலைக்குப் போனார். விசயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் செப்டெம்பர் தொடக்கத்தில் ஒரு பெரிய கடித உறை வந்தது. ஏரியைப் பராமரிப்பவர்கள் அனுப்பிய பாராட்டுப் பத்திரம். தடித்த தாளில், அப்பாவின் முழுப்பெயர். தன் உயிரைப் பொருட்படுத்தாமல் நீந்தி மகனைக் காத்த தந்தைக்கு.

நான் பள்ளிக்கூடத்துக்கு எழுதிய ஒரு பக்கத்தில் மாமாதான் நீந்தினார் என்று எழுதியிருந்தேன். அதைப் பைக்குள் வைக்குமுன் அம்மா வாசித்தார். வாசித்துவிட்டு நாலாகக் கிழித்தார். "அப்பா எண்டு எழுது" என்றார். ஏன் என்று கேட்டேன். "எழுது எண்டால் எழுது." தம்பிக்கும் அப்படியே சொல்லிக்கொடுக்கப்பட்டது. அவன் ஆறு வயதுப் பிள்ளை; பத்து நாளில் அப்பா நீந்தி வந்ததைத் தன் கண்ணாலேயே கண்டவன் போலச் சொல்லத் தொடங்கிவிட்டான்.

நான் மட்டும் மறக்கவில்லை. அப்பா மாமாவின் வீரத்தைத் திருடிவிட்டார் என்று நினைத்தேன். பள்ளிக்கூட வாசலில் ஆசிரியை அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கியபோது அவர் தலையைக் குனிந்துகொண்டு நன்றி என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவரோடு கதைப்பதைக் குறைத்தேன். அவர் முத்தம் கொடுக்க வந்தால் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். அவர் காரணம் கேட்கவில்லை. போர்வைக்கு மேலாலே தலையைத் தொட்டுவிட்டுப் போவார்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குத் தம்பி அந்தப் பத்திரத்தை யாருக்கும் தெரியாமல் கொண்டுபோய்க் காட்டிவிட்டான். அந்தப் பள்ளிக்கூட அதிபர் அன்று மாலையே வீட்டுக்குப் போன் பண்ணினார். ஆண்டு விழாவில் அப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். அப்பா மூன்று தடவை வேண்டாம் என்றார். காரணம் சொல்லாமல் வேண்டாம் என்றால் அது அடக்கம். காரணத்தைச் சொல்லவும் ஏலாது. ஒருவருக்குச் சொன்னால் லண்டன் முழுக்கச் சொன்ன மாதிரி.

விழா நவம்பரில், ஒரு பாடசாலை மண்டபத்தில். நாங்கள் நான்காம் வரிசையில் இருந்தோம்: அம்மா, தம்பி, நான், எனக்கு அடுத்ததாக மாமா. அப்பாவை மேடைக்கு அழைத்தார்கள். அதிபர் ஏரியின் குளிரையும் அலையையும் தானே நீந்தியவர் போல வர்ணித்தார். சரிகைக் கரை போட்ட மெரூன் நிறப் பொன்னாடை. அதைப் போர்த்தியபோது மண்டபத்திலேயே பலமாகக் கைதட்டியவர் மாமாதான். விரலை வாயில் வைத்து விசிலும் அடித்தார். எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது.

இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அப்பா ஒலிவாங்கியின் முன் வந்து நின்றார்.

"உண்மையைச் சொன்னால் எனக்கு நீந்தத் தெரியாது," என்றார். "அண்டைக்கு நான் ஒண்டும் செய்யேல்லை. நிண்ட இடத்திலதான் நிண்டனான்."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. பிறகு கைதட்டல் எழும்பியது, முன்னதை விடப் பெரிதாக. இவ்வளவு செய்துவிட்டு எவ்வளவு தன்னடக்கம் பாருங்கள் என்று பின்வரிசையில் ஒருவர் உரக்கச் சொன்னார். மாமா மட்டும் கைதட்டுவதை நிறுத்திவிட்டார். குனிந்து கீழே பார்த்தார்.

நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு மாமாவுக்கு விசா கிடைத்தது. இப்போது நோர்பரியில் வீடு, மனைவி, இரண்டு பிள்ளைகள். தம்பி அவரை விட உயரம். அந்த ஏரியைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் கதைப்பதில்லை. நான்தான் இடைக்கிடை அந்த விழா நடந்த மாலைப்பொழுதை நினைவில் எடுத்துப் பார்க்கிறேன்.

அன்று அப்பா மேடையிலிருந்து இறங்கி எங்கள் வரிசைக்கு வந்தார். தன் கதிரைக்குப் போகாமல் மாமாவுக்கு முன்னால் நின்றார். தோளிலிருந்த பொன்னாடையை எடுத்து, இரண்டாக மடித்து, மாமாவின் தோளைச் சுற்றிப் போர்த்தினார். விளிம்பை இழுத்து நெஞ்சில் சரிசெய்தார்.

"மண்டபம் குளிருது. போட்டுக்கொண்டு இரு," என்றார்.

மாமா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். எங்கள் கதிரைகளுக்குப் பின்னால் சுவரோடு ஒரு ஹீட்டர் இருந்தது. எனக்கு முதுகு வியர்த்துக்கொண்டிருந்தது. அது கொதிப்பதுகூட இந்த அப்பாவுக்குத் தெரியவில்லையே என்று நினைத்து, நான் சலிப்போடு மேடையைப் பார்க்கத் தொடங்கினேன்.